புறங்கையில் ஒரு நீல மீன்

"பிள்ளைங்களோட வந்திருக்கோம், இங்க என்னா பாக்கலாம்?" என்று யாராவது என்னைக் கேட்காத நாளே கிடையாது. மலேசியாவின் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் டீக்கடையில் கவுண்டருக்குப் பின்னால் நிற்பது என் வேலை. டீக்கடை என்றதும் பெஞ்சும் பாய்லரும் வைத்த கடையை நினைத்துவிடக் கூடாது. சுற்றுலா வருகிறவர்கள் தேயிலையைப் பார்த்துக்கொண்டே குடிக்கட்டும் என்று சரிவின் விளிம்பில் கண்ணாடி போட்டுக் கட்டின இடம். மலாயில் கேட்பார்கள், ஆங்கிலத்தில் கேட்பார்கள், என் நெற்றிப் பொட்டைப் பார்த்துவிட்டுத் தமிழிலும் கேட்பார்கள். மூன்றிலும் என்னிடம் பதில் தயாராக இருக்கும்.

நான் திருப்பிக் கேட்கிற முதல் கேள்வி, "எத்தன வயசு?" மூன்று நான்கு என்றால் முயலும் பட்டாம்பூச்சியும் போதும். ஏழு எட்டு என்றால் கியா பார்ம் பக்கம் போய் அவர்களே ஸ்ட்ராபெரி பறித்துக்கொள்ளலாம். பத்தைத் தாண்டியிருந்தால் பாசிக் காட்டில் பலகைப் பாதையில் நடக்கலாம், ஆனால் மழை பெய்திருக்கக் கூடாது. தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு பாசிக் காட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பினவர்களை நான் வழிமறித்து அனுப்பியிருக்கிறேன். கேட்காமலே ஒரு புத்திமதியும் சொல்வேன்: "ஒரு நாளைக்கு ரெண்டு எடந்தான். மூணாவது எடத்துல பிள்ள அழுவும்." யார் கேட்கிறார்கள்? நான்காவது இடமாக எங்கள் கடைக்கு வந்து சேரும்போது பிள்ளை தரையில் புரண்டுகொண்டிருக்கும், அப்பா போனில் ஐந்தாவது இடத்தைத் தேடிக்கொண்டிருப்பார். எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு அளவே இருக்காது. பின்கட்டுக்குப் போய், கோப்பை கழுவுகிற அக்காவிடம் சொல்லிச் சிரித்துத் தீர்த்துக்கொள்வேன்.

அப்படிப்பட்ட நான்தான் என் மகளுக்குக் கே.எல்., அதாவது கோலாலம்பூர், காட்டப் போனேன்.

எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், இப்போது தமிழ்க் குடும்பங்கள் ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடும். மற்ற வீடுகளில் வங்காளதேசத்து ஆட்களும் நேப்பாளத்து ஆட்களும் இருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு ஒட்டின வீட்டில் ஒரு தமிழ்க் குடும்பம் இருந்தது. அந்த வீட்டுப் பெண்ணும் என் மகளும் ஒரே மாதத்தில் பிறந்தவர்கள். நடுவில் இருந்தது வெறும் பலகைச் சுவர். இந்தப் பக்கம் இவள் இருமினால் அந்தப் பக்கத்திலிருந்து அவள் "தண்ணி குடி" என்பாள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கு இரண்டு பேரும் ஒரே குடையில் போய், இரண்டு பேரும் நனைந்துபோய்த் திரும்பி வருவார்கள்.

அந்தத் தோழியின் அப்பாவுக்குக் கே.எல்.லில் ஒரு கிடங்கில் வேலை கிடைத்தது. பெண்களுக்கு எட்டு வயது நடக்கும்போது அவர்கள் குடும்பத்தோடு மலையை விட்டு இறங்கினார்கள். லோரியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது தோழியின் அம்மா என்னிடம் சொன்னாள், "இங்க பிள்ளைங்களுக்கு என்னாக்கா இருக்கு? குளிரும் தேயிலையுந்தான். அங்க போனா நாலு எடத்தப் பாக்கும், நாலு விஷயம் தெரிஞ்சிக்கும்லா."

அவள் வஞ்சகமாகச் சொல்லவில்லை. பிறந்த இடத்தை விட்டுப் போகிறவள் தன் மனசைத் தேற்றிக்கொள்ளத்தான் சொன்னாள் என்று இப்போது புரிகிறது. அன்றைக்கு அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. என் பிள்ளை இங்கேதானே இருக்கப் போகிறாள்? ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் இங்கே என்ன இருக்கிறது என்று நாள் முழுக்க ஒப்பிக்கிறவளிடம் வந்தா இதைச் சொல்வது? வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு அவளுடைய சட்டிகளை எடுத்துக் கொடுத்தேன். ஆனால் விழுங்கினது உள்ளே போய்ச் சும்மா இருக்கவில்லை.

பெண்கள் இருவரும் அன்றைக்கு வேறொரு காரியத்தில் மும்முரமாக இருந்தார்கள். தோழியிடம் ஒரு பழைய பெயின்ட் டின்னில் ஸ்ட்ராபெரிச் செடி ஒன்று இருந்தது. பக்கத்துப் பண்ணையில் வெட்டிப் போட்ட கொடியை எடுத்து வந்து அவளே நட்டது. அதை என் மகள் கையில் கொடுத்து, "கே.எல். வெயில்ல இது செத்துருமாம். நீ பாத்துக்க. பழம் வந்தா நாந்தான் பறிப்பேன்" என்றாள். என் மகள் சரி என்று தலையாட்டினாள். அழுவார்கள் என்று எதிர்பார்த்தேன். இரண்டு பேரும் அழவில்லை.

அதற்குப் பிறகு அந்தச் செடி எங்கள் வீட்டில் ஒரு ஆள் ஆகிவிட்டது. மழை வலுத்தால் உள்ளே வரும், வெயில் அடித்தால் வெளியே போகும். நத்தை ஏறுகிறதா என்று தினமும் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். என் போனில் தோழிக்குக் குரல் செய்தி போகும். "இன்னிக்கு ஒரு எல புதுசு." "இன்னிக்கு ஒண்ணுமில்ல." முதலில் வந்த பழத்தை ஏதோ ஒரு குருவி கொத்திவிட்டது. இரண்டு நாள் அந்தக் குருவியோடு இவள் பேசவில்லை. அடுத்த வருடக் கடைசிப் பள்ளி விடுமுறைக்கு நாங்கள் கே.எல். போகிறோம் என்று முடிவானபோது செடியில் மூன்று பழங்கள் இருந்தன. இரண்டு சிவந்துவிட்டன, ஒன்று பாதி வெள்ளை. பறித்து டப்பாவில் போட்டுக்கொண்டு போகலாம் என்றேன். "அவதான் பறிக்கணும்மா" என்றாள். டின்னோடு கொண்டுபோய், அவள் பறித்ததும் செடியைத் திரும்ப மலைக்கே கொண்டுவந்துவிடுவது என்று இருவரும் போனில் பேசி ஏற்பாடு செய்திருந்தார்கள். என் மகளுக்குக் கே.எல். என்றால் அவ்வளவுதான்.

எனக்கு அப்படி இல்லை. கடை ரசீதுத் தாளின் பின்பக்கம் நான் ஒரு பட்டியல் எழுதியிருந்தேன். மீன் காட்சியகம், பறவைப் பூங்கா, இரட்டைக் கோபுரத்தின் அடியில் நீரூற்று, ஒரு தடவை ரயில். என் கணவர் தேயிலை பேக்டரியில் பிட்டர். எந்திரத்தோடு பேசுகிற அளவுகூட மனிதர்களோடு பேசமாட்டார். பட்டியலைப் படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவங்க வீட்டுக்கு எப்ப?"

"கடைசியா. சாயங்காலம்."

"பசியாற நேரா அங்கதான் வரணும்னு சொன்னாங்கல்ல?"

பசியாறுவது என்றால் எங்களுக்குக் காலைச் சாப்பாடு. தோழியின் அம்மா இரண்டு தடவை போன் செய்து அதைச் சொல்லியிருந்தாள். "போனா விடமாட்டாங்க. அப்பறம் ஒரு எடமும் பாக்க முடியாது" என்றேன்.

அது வாயால் சொன்ன காரணம். மனசில் இருந்த காரணம் வேறு. என் மகள் அந்த வீட்டு வாசலில் மலைப் பிள்ளையாக, எதையும் பார்க்காதவளாகப் போய் நிற்கக் கூடாது. எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு, "அதுவா, நாங்க பாத்தோமே" என்று சொல்லிக்கொண்டு உள்ளே நுழைய வேண்டும். அதைத் தோழியின் அம்மா கேட்க வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதற்குத்தான் அந்தப் பட்டியல்.

விடியற்காலையில் கிளம்பினோம். மலையிலிருந்து யாரும் வெறுங்கையோடு இறங்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். காரின் பின்னால், சாமான் வைக்கிற பூட்டில், ஒரு சாக்கு முட்டைக்கோஸும் சோளமும் தக்காளியும் ஏற்றியிருந்தோம். மலையிலிருந்து இறங்குகிற தாப்பா ரோட்டு வளைவுகளில் மகள் குமட்டாமல் இருக்க 'ஆசாம் போய்' என்கிற புளிப்புப் பழ வற்றல் ஒன்றை வாயில் ஒதுக்கிக்கொண்டு, மடியில் பெயின்ட் டின்னை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். வழியில் இருக்கிற அருவியைத் தாண்டினதும் ஸ்வெட்டரைக் கழற்றினாள். ஹைவேயில் ஏறினதும் அவர் ஏர்கோண்டைப் போட்டார். சூடான காற்று வந்தது. அதைத் தட்டினார், முடுக்கினார், பிறகு கண்ணாடியை இறக்கிவிட்டார். மலையில் ஏர்கோண்டை யார் போடுகிறார்கள்? அதில் கேஸ் எப்போது தீர்ந்தது என்றே எங்களுக்குத் தெரியாது.

மீன் காட்சியகத்தில் கார் நிறுத்துகிற இடம் தரைக்கு அடியில் இருந்தது. "செடிய எடுத்துக்கவாம்மா?" என்றாள். "கார்லயே இருக்கட்டும். பத்திரமா இருக்கும்" என்றேன்.

இதை நான் யோசித்துச் சொல்லவில்லை. எங்களுக்குக் கார்தான் இரண்டாவது ஐஸ்பெட்டி. வீட்டு ஐஸ்பெட்டியில் இடம் இல்லாவிட்டால் பிறந்தநாள் கேக்கைக் காரில் வைப்போம், பாலை வைப்போம், ஒருமுறை தீபாவளிக்கு ஆட்டிறைச்சியைக்கூட வைத்திருக்கிறோம். மறுநாள் எடுத்தாலும் வைத்தது வைத்தபடி இருக்கும். பிறந்ததிலிருந்து மலையிலேயே இருந்தவளுக்கு, காரில் வைத்த பொருள் கெட்டுப்போகும் என்ற நினைப்பே வராது.

நுழைவாயிலில் ஒரு பெண் எங்கள் மூன்று பேரின் புறங்கையிலும் முத்திரை குத்தினாள். ஒரு சின்ன நீல மீன். வெளியே போனால் அதைக் காட்டித் திரும்ப உள்ளே வரலாமாம். உள்ளே கண்ணாடிக் குகையில் தலைக்கு மேல் சுறா போயிற்று, திருக்கை போயிற்று. நான் படம் எடுத்துத் தள்ளினேன். "இங்க நில்லு. சிரி. மீனப் பாரு, இல்ல, என்னப் பாரு." எங்கள் கடையில் பிள்ளைகளைத் தேயிலைச் செடிக்குள் நிறுத்திவைத்துப் படுத்துகிற அம்மாக்களைப் பார்த்து நான் பல்லைக் கடிப்பேன். அவர்கள் பேசுகிற அதே பேச்சு என் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது.

அந்தக் குகைக்குள் நிற்கும்போதுதான் போன் அடித்தது. தோழியின் அம்மா. "எங்கக்கா இருக்கீங்க? தோச ஊத்தலாமா?"

"வந்துக்கிட்டே இருக்கோம்மா. வழியிலதான். கொஞ்சம் லேட்டாவும்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் மகள் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். தண்ணீரின் நீல வெளிச்சம் அவள் முகத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

காருக்குத் திரும்பியபோது செடி நன்றாகவே இருந்தது. "பாத்தியா?" என்று பெருமையாகக் கேட்டேன். பறவைப் பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சிவெயில். அங்கே திறந்தவெளியில்தான் காரை நிறுத்த வேண்டியிருந்தது. "ம்மா, செடிய..." என்று மறுபடியும் ஆரம்பித்தாள். "அந்த டின்னத் தூக்கிக்கிட்டுக் குருவி பாக்கப் போறியா? குருவி கொத்திட்டுப் போயிரும்" என்று கேலி பேசி அவளை இறக்கினேன். அவர் கண்ணாடிகளை ஏற்றிப் பூட்டினார். திருட்டுப் பயம் உள்ள ஊர் என்று நான்தான் அவரிடம் சொல்லியிருந்தேன்.

இரண்டரை மணி நேரம் சுற்றினோம். மயில் எங்கள் முன்னால் நடந்து போயிற்று. கிளிகள் அவர் தோளில் உட்கார்ந்தன, அவர்கூடச் சிரித்தார். மகளும் சிரித்தாள், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒவ்வொரு கூண்டு முன்னாலும், "போலாமாம்மா?" என்றாள். கடைசியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து எழுந்திருக்க மறுத்துவிட்டாள். இரண்டாவது இடத்திலேயே என் பிள்ளை அழுதாள்.

கார்க் கதவைத் திறந்ததும் வெந்த கோஸின் வாடை வந்தது. உள்ளே கை வைக்க முடியாத சூடு. பின் சீட்டில் பெயின்ட் டின் நின்றது. இலைகள் எல்லாம் டின்னின் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தன. சிவந்த இரண்டு பழங்களும் கூழாகி, தொட்டால் விரலோடு வருகிற நிலையில் இருந்தன. நான் அவசரமாகப் பாட்டில் தண்ணீரை எடுத்து ஊற்றப் போனேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். அந்தத் தண்ணீரும் சுட்டது.

அப்போதாவது நான் வாயை மூடியிருக்க வேண்டும். "நீ ஒழுங்கா ஞாபகப்படுத்தியிருக்கலாம்ல?" என்று அவளைப் பார்த்துக் கத்தினேன். அவள் இரண்டு தடவை ஞாபகப்படுத்தியிருந்தாள். டின் சுடுகிறது என்று ஸ்வெட்டரை மடியில் விரித்து, அதன்மேல் வைத்துக்கொண்டாள். நீரூற்றும் ரயிலும் பட்டியலில் மிச்சம் இருந்தன. அவர் என்னைக் கேட்காமலே வண்டியை நேராகத் தோழியின் வீட்டுக்கு விட்டார். வழியெல்லாம் நெரிசல். போய்ச் சேரும்போது மணி ஐந்து.

பதினோராவது மாடி. மின்தூக்கி திறந்ததும் நடைபாதைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தோழி நிற்பது தெரிந்தது. ஒரு சாண் வளர்ந்திருந்தாள், கறுத்திருந்தாள். பின்னாலேயே அவள் அம்மா ஓடிவந்தாள். "வாங்கக்கா, வாங்கண்ணே. காலையிலேர்ந்து இந்தக் கம்பிய விட்டு நகரலக்கா இவ. கீழ வர்ற ஒவ்வொரு காரா பாத்துக்கிட்டு நிக்கிறா. தோச ஊத்துறேண்டின்னா, அவ வரட்டும் சேந்து சாப்பிடுறேங்குறா. மத்தியானத்துக்கு மேல கெஞ்சித்தான் ஒரு வாய் ஊட்டுனேன்."

காலை ஒன்பது மணியிலிருந்து மாலை ஐந்து மணி வரை ஒரு ஒன்பது வயதுப் பிள்ளை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அந்த நேரமெல்லாம் நான் சுறாவைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

"ஏன் இவ்ளோ லேட்டு?" என்று தோழி கேட்டாள்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் என் மகள் சொன்னாள், "கார் கெட்டுப்போச்சு. தாப்பாகிட்ட. ரொம்ப நேரம் வெயில்ல நின்னோம். செடியும் வாடிருச்சு."

நான் அவரைப் பார்த்தேன். அவர் பொய் சொல்லி நான் பார்த்ததே இல்லை. கழுத்தைத் தடவிக்கொண்டு, "ஆமா, ரேடியேட்டர்" என்றார்.

என் கைப்பைக்குள் போன் இருந்தது. அதில் ஐம்பது அறுபது படங்கள் இருந்தன. காட்டத்தான் எடுத்தேன், ஒன்றைக்கூடக் காட்ட முடியாது. "அதுவா, நாங்க பாத்தோமே" என்று என் மகள் சொல்ல வேண்டும் என்றுதானே இத்தனை பாடும்? தன் தோழியின் முகத்தைப் பார்த்த அடுத்த நொடியே, பார்த்த எல்லாவற்றையும் பார்க்கவில்லை என்று ஆக்கிவிட்டாள். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. என் பிள்ளைக்கு இவ்வளவு சீக்கிரம் பொய் சொல்ல வந்ததே, அதை இன்று காலையில் நான்தானே கற்றுக்கொடுத்தேன் என்றுதான் இருந்தது.

தோழி டின்னை வாங்கிப் பார்த்தாள். "குடு" என்று சொல்லி, நேராக அடுப்படிக்கு எடுத்துப்போனாள். ஐஸ்பெட்டியைத் திறந்து, கீழ்த்தட்டில் இருந்த தண்ணீர் பாட்டில்களையும் மீன்குழம்புச் சட்டியையும் தரையில் இறக்கிவைத்துவிட்டு, செடியை உள்ளே வைத்தாள். "இங்க குளிரும். சரியாயிரும்" என்றாள். இலைகள் இடித்ததால் கதவை மூட முடியவில்லை. கதவைத் திறந்தபடியே விட்டு இரண்டு பேரும் அதற்கு முன்னால் தரையில் கால் நீட்டி உட்கார்ந்தார்கள்.

"அடியே, கரண்டு பில்லு!" என்று அவள் அம்மா கையை ஓங்கினாள். பிறகு என்னவோ நினைத்துக் கையை இறக்கிக்கொண்டாள். என்னிடம் திரும்பி மெதுவாகச் சொன்னாள், "வந்த நாள்லேர்ந்து இதே வேலக்கா. ஸ்கூல் விட்டு வந்தா நேரா வந்து இதத் தொறந்து வச்சிக்கிட்டு முன்னால ஒக்காந்துருவா. என்னாடி பண்றேன்னா, வீட்டுக்குப் போயிட்டு வரேங்குறா. நானும் எத்தன அடிதான் அடிக்கிறது?"

அவள் கண் கலங்கியிருந்தது. இங்கே வந்து நாலு இடத்தைப் பார்த்துக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று ஒன்றரை வருடமாக நான் மனசுக்குள் இவளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். கிடங்கில் அவள் வீட்டுக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை. அந்த மீன் காட்சியகத்தை அவர்கள் இன்னும் பார்த்ததே இல்லை என்பது பேச்சுவாக்கில் தெரிந்தது. என்மேல் எனக்கே வெறுப்பாக இருந்தது.

ஐஸ்பெட்டி முன்னால் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் புது டீச்சர், லயத்து நாய்க்குக் குட்டி, மின்தூக்கியில் மாட்டிக்கொண்ட கதை. மூன்றாவது பழம், அந்தப் பாதி வெள்ளைப் பழம், மட்டும் கெட்டியாகவே இருந்தது. தோழி அதைப் பறித்தாள். தன் கையாலேயே பறித்தாள். ஆளுக்குப் பாதி கடித்துவிட்டு, "ஐயே, புளிக்குது" என்று இரண்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டு சிரித்தன. நடுவில் பலகைச் சுவர் இருந்த காலத்தில் கேட்ட அதே சிரிப்பு. அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். என் மகள் பழத்தை இடது கையால் வாங்கியிருந்தாள். வலது கை தொடைக்கு அடியில் இருந்தது. உள்ளே வந்ததிலிருந்தே அப்படித்தான், டின்னுக்கு அடியில், சட்டைக்கு அடியில், தொடைக்கு அடியில். நீல மீனை ஒளித்துவைத்திருக்கிறாள் என்று எனக்கு உறைக்கும்போது என் கை தேநீர்க் கோப்பையை வாங்க நீண்டிருந்தது. என் புறங்கையிலும் அதே மீன்.

தோழியின் அம்மா அதைப் பார்த்தாள். காட்சியகத்துக்குப் போகாதவள்தான் என்றாலும், கே.எல்.லில் ஒன்றரை வருடம் இருந்தவளுக்கு அது எந்த இடத்து மீன் என்று தெரியாமல் இருக்காது. கோப்பையை என் கையில் கொடுத்தாள்.

"கார் இப்ப பரவால்லியாக்கா?"

"பரவால்லம்மா."

"பழசாயிட்டா அப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டு, முறுக்குத் தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

ஆறரைக்குக் கிளம்பினோம், தாமதித்தால் வளைவுகளில் மூடுபனி இறங்கிவிடும். பெண்களுக்குக் கிடைத்தது ஒன்றரை மணி நேரம். காலையில் நேராக வந்திருந்தால் ஒரு முழுப் பகல் கிடைத்திருக்கும். காரில் மகள் எச்சிலைத் தொட்டுப் புறங்கையைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். தோல் சிவந்ததே தவிர மீன் போகவில்லை.

"அம்மா தப்புப் பண்ணிட்டேன் பாப்பா" என்றேன்.

தேய்ப்பதை நிறுத்தினாள். "அவகிட்ட சொல்லிறாதம்மா. அவ நின்னுக்கிட்டு இருந்தப்ப நாம மீன் பாத்தோம்னு தெரிஞ்சா அழுவா."

செடி பிழைத்துவிட்டது. வெளி இலைகள் எல்லாம் கருகி உதிர்ந்தன. மூன்றாவது வாரம் நடுவிலிருந்து, மடித்த காகிதம் விரிகிற மாதிரி ஒரு பச்சை இலை எட்டிப் பார்த்தது. தோழிக்குக் குரல் செய்தி போயிற்று. கவுண்டரில் இன்னமும் நான்தான் நிற்கிறேன். பிள்ளைகளோடு வருகிறவர்களிடம் வயதைக் கேட்பதற்கு முன்னால், குனிந்து பிள்ளையிடமே கேட்கிறேன், உனக்கு என்ன வேண்டும் என்று. பாதிப் பிள்ளைகளுக்குத் தூக்கம் வேண்டியிருக்கிறது, மீதிக்கு மூத்திரம் போக வேண்டியிருக்கிறது. அம்மாக்கள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

அடுத்த விடுமுறைக்கு மறுபடியும் இறங்கினோம். இந்தத் தடவை பட்டியல் கிடையாது. அவர் ஏர்கோண்டுக்குக் கேஸ் போட்டிருந்தார். டின்னைச் சுற்றி ஈரத்துணி, உள்ளே நான்கு பழங்கள், நான்கும் சிவப்பு. எட்டரைக்கெல்லாம் அடுக்குமாடி வாசலில் இருந்தோம். தோழி மேலே கம்பியில் இல்லை, கீழே காவலாளியின் கூண்டுக்குப் பக்கத்திலேயே வந்து நின்றிருந்தாள்.

கார் நிற்பதற்குள் ஓடிவந்து கதவைத் திறந்தாள். செடியை முதலில் பார்ப்பாள் என்று நினைத்தேன். என்னை ஒரு பார்வை பார்த்து, "இந்த வாட்டி கார் கெடலியா அத்தே?" என்று கேட்டாள்.

அடுத்த நொடி அவள் என் மகளின் வலது கையைப் பிடித்து இழுத்துப் புறங்கையைத் திருப்பிப் பார்த்தாள். நீல மீன் இல்லை, வெறும் தோல். பிறகு அந்தக் கையை விடாமலே மின்தூக்கியை நோக்கி அவளை இழுத்துக்கொண்டு ஓடினாள். செடியை நான்தான் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.